மூக்கின் மேல் ஓர் இறகு

அழட்டும் விடுங்க தம்பி. வாயைப் பொத்தாதீங்க. ஆஸ்பத்திரியில அழாம பிள்ளை வேற எங்க போய் அழுவான்? அந்தம்மா திரும்பித் திரும்பிப் பார்க்குறாங்கன்னா பார்த்துட்டுப் போகட்டும், கழுத்து வலிச்சா அவங்களே நிறுத்திடுவாங்க. எனக்கா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. உங்க பையன் அழுறது காதுக்கு நல்லாத்தான் இருக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

என்ன ஆச்சு அவனுக்கு? மூக்குல பட்டனா? அட ராமா, எந்தச் சட்டைப் பட்டன்? ஓ, நீங்க போட்டிருக்கிற இதே சட்டையா! ஆமா, இங்க நூல் தொங்குது பாருங்க. அப்பா சட்டையில பிச்சு மூக்குக்குள்ள பத்திரப்படுத்தியிருக்கான், பாசக்காரப் பய. எடுத்துடுவாங்க, பயப்படாதீங்க. நீங்களா எதுவும் செய்யப் போகாதீங்க. ஊதுன்னு சொன்னா உறிஞ்சுவான் இந்த வயசுல.

என் பொண்ணு உள்ள இருக்கா. அந்த நீலக் கதவுக்குள்ள. கையில அடி. அவங்க அப்பா கூட இருக்கார். அவளுக்கு அஞ்சு வயசு ஆகுது.

டீச்சரான்னு கேக்குறீங்களா? எல்லாரும் கேப்பாங்க, என் பேச்சு அப்படி. டீச்சர் மாதிரிதான், ஆனா பிள்ளைங்களுக்கு இல்ல, பெத்தவங்களுக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குப் படப் புத்தகம் எப்படிப் படிச்சுக் காட்டுறதுன்னு சொல்லிக் கொடுக்குறேன். ஸ்கூல், லைப்ரரி, சில கம்பெனிங்கள்ல கூடக் கூப்பிடுவாங்க. அதுக்கெல்லாமா கிளாஸுன்னு தோணுதுல்ல? என் வீட்டுக்காரரும் கல்யாணமான புதுசுல அதையேதான் கேட்டார். படம் இருக்கு, கீழ ரெண்டு வரி இருக்கு, படிச்சா முடிஞ்சுது, இதுல என்ன பாடம்னார். அவரை உக்கார வச்சு ஒரு ராத்திரி பூரா பாடம் எடுத்தேன். பாவம், கொட்டாவியை முழுங்கி முழுங்கிக் கேட்டார்.

இல்ல தம்பி, அதுல விஷயம் இருக்கு. பிள்ளைக்குப் பயம்னு சொல்லத் தெரியாது. வயித்தை வலிக்குதுன்னு சொல்லும். அதுக்கிட்ட நேராக் கேட்டா ஒண்ணும் வராது. ஆனா படத்துல ஒரு பூனைக்குட்டி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்குன்னு வைங்க. ஏன் அங்க போய் உக்காந்திருக்குன்னு கேட்டா, அதோட அம்மாவைக் காணோம்னு சொல்லும். படத்துல அம்மாப் பூனை பக்கத்துலயே இருக்கும். அப்ப யாரோட அம்மாவைக் காணோம்? அந்த இடத்துல நாம வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதுதான் நமக்கு வராது. உடனே, அய்யோ இல்லடா செல்லம், அம்மா இங்கதானே இருக்கேன்னு ஆரம்பிச்சுடுவோம். பிள்ளை வாயை மூடிக்கும்.

இன்னும் சொல்லுவேன். கதையில என்ன கத்துக்கிட்டேன்னு கேக்காதீங்க, பரீட்சையா வைக்கிறோம்? பக்கத்தைப் பிள்ளைதான் திருப்பணும், நாம திருப்பக் கூடாது. ஒரே பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா நிக்கட்டும், அங்க அதுக்கு ஏதோ வேலை இருக்கு. அப்புறம் ஒண்ணு சொல்லுவேன் பாருங்க, அதுக்குத்தான் கைதட்டே. பிள்ளை அழுறப்போ புத்தகத்தைத் தூக்காதீங்க, பிள்ளையைத் தூக்குங்க. ஹாலே தலையாட்டும். சில பேர் எழுதிக்கக்கூடச் செய்வாங்க. எனக்கும் சொல்லி முடிச்சதும் தாகத்துக்குத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கும்.

அழுகையை நிறுத்துற மாதிரி புத்தகமா? இருக்கு. ஒரு கழுதைக்குட்டி கதை. ஆனா உங்களுக்கு அது வேணாம் தம்பி. புத்தகம் நல்ல புத்தகம்தான், அது மேல தப்பே சொல்ல முடியாது. என்கிட்ட கேக்காதீங்க, அவ்வளவுதான்.

கதையா? கதைக்கு என்ன, சொல்றேன். அந்தக் கழுதைக்குட்டி எதுக்கெடுத்தாலும் கத்தும். மழை வந்தா கத்தும், மழை நின்னா கத்தும். தெருவுல எல்லாரும் ஜன்னலைச் சாத்துவாங்க. ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு இறகு வந்து அதோட மூக்கு மேல உக்காந்துடும். அதுக்கு அந்த இறகை ரொம்பப் பிடிச்சுப்போகும். கத்தினா விழுந்துடும். அதனால மெதுவா, ரொம்ப மெதுவா மூச்சு விடும். இறகு லேசா ஆடும், விழாது. கடைசிப் பக்கத்துல மூக்கு மேல இறகோட தூங்கிக்கிட்டு இருக்கும். பாருங்க, உங்க பையன்கூட அழுகையை நிறுத்திட்டுக் கேக்குறான். நீ அழுடா ராஜா, கதை முடிஞ்சுது.

நடுவுல ஒரு பக்கம் இருக்கு. கழுதைக்குட்டி கத்தும், அதோட அம்மா எங்கிருந்தோ ஓடி வந்து முகத்தை நக்கிக் கொடுக்கும். அந்தப் பக்கத்துல எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். எழுத்து இல்லேல்ல, அதனால நான் சட்டுனு திருப்பிடுவேன். இறகு வர்ற இடத்துக்குப் போற அவசரம் எனக்கு. என் பொண்ணு ஒரு தடவை அந்தப் பக்கத்துல கையை வச்சு அமுக்கிக்கிட்டா. நான் விரலை மெதுவா எடுத்துவிட்டுட்டுத் திருப்பினேன். ஊருக்கெல்லாம் சொல்ற வாய்தான் இது.

அவ அழ ஆரம்பிச்சா, முதல்ல மூக்கு மேல நிஜ இறகுதான் வச்சோம். ஜன்னல் பக்கம் புறா போட்டுட்டுப் போனது, கழுவிக் காய வச்சேன். அப்புறம் இறகே தேவைப்படல, இருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு உக்காருவா. கூட விளையாடுற பிள்ளை பொம்மையைப் பிடுங்கினாலும் இறகு. தடுப்பூசி போடப் போனாலும் இறகு. கண்ணு ரெண்டும் தளும்பும், ஆனா மூச்சு மட்டும் அப்படியே மெல்ல வரும். ஊசி போட்ட நர்ஸம்மா மத்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. என்ன வளர்ப்பு, என்ன வளர்ப்புன்னு என் நாத்தனார் போற இடமெல்லாம் சொன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல.

ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குப் பிள்ளை அழுற சத்தமே ஆகாது. அவ கைக்குழந்தையா இருந்தப்போ அழுதா நான் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிப்பேன், இவர்தான் தூக்கிக்கிட்டு நடப்பார். இதையெல்லாம் கிளாஸ்ல சொல்ல முடியுமா? மனதைரியம் வளர்க்குறோம்னு சொன்னேன். யாருக்கு வளர்த்தேனோ.

கை எப்படியா? நேத்து சாயங்காலம்தான். நான் உள் ரூம்ல லேப்டாப்போட உக்காந்திருந்தேன். இன்னைக்குப் பெரிய ஹால்ல பேச்சு, அதுக்குப் படமெல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தேன். வீட்டு ஹால்ல தொம்முனு ஒரு சத்தம். சோபா முதுகு மேல ஏறி நடந்திருக்கா, சறுக்கிட்டா. நான் ஓடினேன், ஓடலைன்னு சொல்ல மாட்டேன். அவ தரையில உக்காந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்தா. முழுசாத் திறந்தா தம்பி, பெரிய அழுகைக்குத் திறக்குற மாதிரி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கழுதைக்குட்டி எங்கேன்னு கேட்டேன்.

அவ வாயை மூடிக்கிட்டா. மூக்கை லேசாத் தூக்கி வச்சுக்கிட்டு மூச்சு விட ஆரம்பிச்சா. நெத்தியெல்லாம் வேர்த்துடுச்சு, உதடு துடிக்குது, மூச்சு மட்டும் அவ்வளவு அழகா வருது. நாளைக்குப் பேச்சுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு பாருங்க. வந்துச்சு, மறைக்க மாட்டேன். போனை எடுத்தேன். வீடியோ பிடிச்சேன். சபாஷ்டா தங்கம்னு என் குரலும் அதுல இருக்கு.

பார்க்காம இருப்பேனா? கேட்டேன். வலிக்குதான்னு கேட்டேன். தலையாட்டினா இறகு விழுந்துடும்ல, அதனால கண்ணாலயே இல்லைன்னா. நான் நம்பிட்டேன். நம்பினா எனக்கு வசதி. ராத்திரி அந்தக் கை மேல தலகாணியை வச்சுக்கிட்டுத் தூங்கினா. காலையில சட்டை மாட்டுறப்போ கை நுழையல, வேற சட்டை போடு, கை இல்லாத சட்டைன்னா. அடம் பிடிக்காதேன்னு அதட்டி, கை இல்லாததையே போட்டுவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன். எனக்கு நேரமாச்சு.

அப்புறம் என்ன, ஹால் நிறையக் கூட்டம். வீடியோவைப் போட்டேன். போன்ல இத்தனூண்டு இருந்தது, அங்க சுவர் அளவுக்குத் தெரியுது. எல்லாரும் அச்சோன்னு ஒரு சத்தம் போட்டாங்க, பிள்ளைமேல ஆசை வந்தா போடுவாங்கல்ல, அந்தச் சத்தம். முடிஞ்சதும் கடைசிக் காட்சி அப்படியே சுவர்ல நின்னுடுச்சு. நான் அதுக்கு முன்னாடி நின்னு பேசிக்கிட்டே திரும்பினேன். அவ மடியில இடது கை கிடந்துச்சு. வேற யாரோ வச்சுட்டுப் போன பொருள் மாதிரி கிடந்துச்சு. மணிக்கட்டுக்கு மேல ஒரு வளைவு. அந்த இடத்துல கை வளையாது தம்பி. யாருக்கும் வளையாது.

ஆமா, பார்த்தேன். பார்த்துட்டேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

உடனே ஓடினேனான்னா கேக்குறீங்க? நீங்க ஓடியிருப்பீங்க. சட்டைப் பட்டனுக்கே இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கீங்க. நான் படத்தை மட்டும் அணைச்சேன். வேற யாரும் பார்த்துடக் கூடாதுன்னு அணைச்சேன். அப்புறம் விட்ட இடத்துல இருந்து பேசினேன். முன் வரிசையில ஒருத்தர் எழுந்து, என் பையனுக்கும் இப்படி வர எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டார். பொறுமையா இருங்க சார், தானா வரும்னு பதில் சொன்னேன். கைதட்டினாங்க. பூங்கொத்து கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். போட்டோவுக்கு நின்னேன். சிரிச்சேன்னுதான் நினைக்கிறேன். அந்தப் பூங்கொத்து கார்ல இன்னும் கிடக்கு, எடுத்துப் போடக்கூட அருவருப்பா இருக்கு.

வெளிய வந்துதான் ஸ்கூலுக்குப் போன் பண்ணினேன். மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னைக்கு ரொம்பச் சமர்த்துங்க, காலையில இருந்து உக்காந்த இடத்தை விட்டு அசையலன்னாங்க.

டாக்டர் நல்ல மனுஷன். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரா வச்சுக்கிட்டு, இதை வச்சுக்கிட்டு ராத்திரி எப்படிம்மா தூங்கினேன்னு அவகிட்டயே கேட்டார். அவ பெருமையா மூக்கைத் தூக்கிக் காட்டினா. இறகு மூச்சு, எங்க அம்மா சொல்லிக் கொடுத்தாங்கன்னா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். பெத்தவங்க கூட்டத்துல மைக் பிடிச்சுப் பேசுறவ நான்.

எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போடணுமாம். மரத்துப்போக ஊசி போட்டாலும் கொஞ்சம் வலிக்கும், வலிச்சா நல்லாக் கத்தணும், அப்பதான் எங்களுக்குத் தெரியும்னு அவகிட்டச் சொன்னார் டாக்டர். அவ சரின்னா. சரின்னுட்டு என் பக்கம் திரும்பி, அம்மா, போனை எடுத்துக்கோ, இந்தத் தடவை இறகைக் கொஞ்சம்கூட ஆடாம வைக்கிறேன்னா.

இவருக்கு அப்பத்தான் வீடியோ விஷயமே தெரியும். திட்டுவார்னு பார்த்தேன். திட்டல. அவ செருப்பைக் கழட்டி ஓரமா வச்சார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதோ, உங்களைத்தான் கூப்பிடுறாங்க போலிருக்கு, பட்டன் பையான்னு. போங்க, போங்க. தூக்கிக்கிட்டே போங்க, இறக்கிவிடாதீங்க. என்னது? நானா? இல்லைங்க, என்னை யாரும் வெளிய போகச் சொல்லல, அம்மா கூட இருக்கலாம்னுதான் சொன்னாங்க. நானாத்தான் எழுந்து வந்துட்டேன். நான் பக்கத்துல இருந்தா அவ அழமாட்டா.