தந்தத்தில் இருந்த முகம்

சாமிப் படங்களை வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துணியால் துடைப்பது எங்கள் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் கிங்ஸ்பரிக்கு வந்த பிறகும் என் சித்தி மகள் தவமலர் அதை விடவில்லை. துடைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் தேநீர் குடிப்பாள்.

ஹரோவில் டொக்டர் கோபாலகிருஷ்ணன் வீட்டில் நான் வேலை செய்தேன். அவர் மனைவி நிர்மலா அன்ரி பழைய அமெரிக்கச் சிற்றோவியங்களைச் சேர்ப்பவர். மெல்லிய தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் தீட்டிய முகங்கள், உள்ளங்கைக்குள் அடங்கும். தந்தம் வண்ணத்தை உறிஞ்சாது, ஈரம் பட்டால் முகமே போய்விடும் என்று அன்ரி எனக்குச் சொல்லித் தந்தார். அவற்றை வைத்துப் பூட்டும் அலுமாரியின் திறப்பும் என்னிடம்தான் இருந்தது.

எண்பத்தேழில் தவமலரையும் அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டேன். டொக்டர் பொறுப்பு நின்றதால்தான் அவளுக்கு விசா. வேலை போனால் கொழும்புக்குத் திரும்ப வேண்டும்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவ, அன்ரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கிழமை திறப்பு அவளிடம் போனது, அவள் ஏ லெவல் படித்தவள் என்பதால்.

ஒரு சிற்றோவியத்தின் கண்ணாடி உடைந்து, முகம் திறந்தபடி கிடந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெண்பிள்ளை. அன்று வெள்ளிக்கிழமை.

"அக்கா, இந்தப் பிள்ளையின்ட முகத்தில தூசி. ஈரத்துணி படலாமோ?"

"ஓம். சாமிப் படம் துடைக்கிற மாதிரித் துடை."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கன்னத்துச் சிவப்பு துணியில் வந்தது. பிறகு கண்கள். கடைசியில் வெறும் தந்தம்.

"யாரு உன்னை ஈரத்துணியால துடைக்கச் சொன்னது?" என்று அன்ரி கேட்டார்.

தவமலர் என்னைப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்லை, அன்ரி. நானாத்தான்."

என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் அவளைக் கேட்டார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டொக்டர் பொறுப்பிலிருந்து விலகினார். அவளைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அவளை இறக்கினார்களாம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. திறப்பு என்னிடம் திரும்பி வந்தது.

அவள் போகவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொன்னது ஒரே ஒரு பொய். விலகியது டொக்டர், இறக்கியது ஆமி.

அவளுடைய படம் இப்போது எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நானே துடைக்கிறேன், காய்ந்த துணியால். அவளை இவ்வளவு கவனமாக வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.