உட்காரச் சொன்ன மருத்துவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களே, மூத்த மருத்துவப் பெருமக்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் துப்புரவுப் பணியாளர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே, என் சக செவிலியர்களே! முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் தம்பி அவர்களே! எல்லோருக்கும் மேலாக, அரைநாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நோயாளிகளே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. வெளிநோயாளர் பிரிவில், டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்று பெயர் கூப்பிட்டே பழகிய தொண்டை இது. அதனால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்களும் இன்றைக்கு ஒரு நாள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய கண்காணிப்பாளர் ஐயா, டாக்டரம்மாவை 'சேவைச் சுடர்' என்றார். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றார். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மேடை போட்டு, மைக் வைத்து அழுததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

சிரிக்காதீர்கள். கைதட்டவும் வேண்டாம். நான் வேடிக்கை காட்ட வரவில்லை. நம்முடைய டாக்டரம்மா எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பொது மருத்துவப் பிரிவில் அவருடைய அறைக்கதவில் பெயரும் பட்டமும் பொறித்த பலகை இருந்தது. ஆனால் உங்களில் யாராவது அதைப் படித்ததுண்டா? சீட்டு வாங்கும் ஜன்னலில் நின்று நீங்கள் என்ன கேட்பீர்கள்? "உக்காருங்க டாக்டர் இன்னிக்கு வந்திருக்காங்களா?" என்றுதானே!

ஏனென்றால் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான். "உக்காருங்க." கூட வந்தவரைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க, ஏன் காவல்காரர் மாதிரி நிக்கிறீங்க?" நோயாளி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஒரு மூச்சு விடும் வரைக்கும் பேனாவைத் தொடமாட்டார். வெளியே வரிசை வாசல் தாண்டி நிற்கும். எனக்குப் படபடக்கும். "டாக்டர், கொஞ்சம் சீக்கிரம்" என்பேன். "நின்னுக்கிட்டுச் சொல்றப்ப பாதி வலிதான் வெளிய வரும் சிஸ்டர். மீதி, உக்காந்தப்புறம்தான் வரும்" என்பார்.

இதோ, இடப்பக்கம் தையல்கார அக்கா இருக்கிறார். தீராத தலைவலி. ஊரிலுள்ள மாத்திரையெல்லாம் விழுங்கியாயிற்று. தலையைப் படம் பிடித்தாயிற்று. வீட்டில் இவரை 'நடிப்புக்காரி' என்றே முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டரம்மா என்ன செய்தார்? "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அக்கா சொன்னார். "எங்க, ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க பாப்போம்" என்றார். அக்கா எப்போதும் முந்தானை ஓரத்தில் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்துக் கோத்தார், கோத்தார், கோத்துக்கொண்டே இருந்தார்! கண்ணைச் சுருக்கி, கழுத்தை வளைத்து, ஊசியை மூக்குக்கு நேராகப் பிடித்து... நானே பொறுமையிழந்து பிடுங்கப் போனேன். டாக்டரம்மா என் கையைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு வேணுங்கிறது மாத்திரை இல்லைக்கா, கண்ணாடி." இன்றைக்கு அந்தக் கண்ணாடியோடுதான் அக்கா அழுதுகொண்டிருக்கிறார்.

அடுத்து, மீசைக்காரர். சரக்கு லாரி ஓட்டுகிறவர். மனைவியோடு வந்தார். டாக்டரம்மா எதைக் கேட்டாலும் மனைவிதான் பதில் சொல்வார். பசிக்குதா? "இவருக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்." தூக்கம்? "படுத்தா கட்டைதான்." டாக்டரம்மா சிரித்துவிட்டு, "ஏம்மா, அவருக்கு வாய் இருக்குல்ல?" என்றார். "இருக்குங்க, சாப்பிட மட்டும்!" என்றார் அந்த அம்மா. அறையே சிரித்தது. மீசைக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. சும்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா, அந்த நெரிசலில்? கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "லாரியில ஏறுறப்ப மூச்சு அடைக்குது டாக்டர். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இவகிட்ட சொன்னா அழுவா." மனைவியின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கமாட்டேன். இதயத்தில் வால்வு பழுது. நேரத்தோடு அறுவை சிகிச்சை நடந்தது. மனிதர் உயிரோடு இருக்கிறார். மூன்றாவது வரிசை. மீசையும் இருக்கிறது.

இப்படி எத்தனை பேர்! இந்தக் கூடத்தில் யாரைத் தொட்டாலும் ஒரு கதை வரும். இப்படிப்பட்ட மருத்துவருக்கு இந்த மருத்துவமனை என்ன செய்தது?

கண்காணிப்பாளர் அவர்களே, நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?

ஒரு திங்கட்கிழமை காலை அறையைத் திறக்கிறோம். நோயாளி உட்காரும் நாற்காலி இல்லை. கூட வருகிறவர் உட்காரும் நாற்காலியும் இல்லை. நடைபாதையில் இருந்த பெஞ்சுகளைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று நினைத்து நான் காவலாளியிடம் கத்தினேன். அவர், "கத்தாதீங்க சிஸ்டர், ஐயா உத்தரவு" என்றார். டாக்டரம்மா நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அன்றைக்கு ஐயா சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். பிழை இருந்தால் இதே மேடையில் திருத்துங்கள் ஐயா.

"நாற்காலி இருந்தா உக்காருவாங்க டாக்டர். உக்காந்தா பேசுவாங்க. பேசினா வரிசை நகராது."

கேட்டீர்களா? பேசினால் வரிசை நகராதாம்! நோயாளி எதற்கு ஐயா வருகிறான், வரிசையை நகர்த்தவா?

"மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?" என்றீர்கள். மேலிடம் மேலிடம் என்கிறீர்களே, அது எந்த மாடியில் இருக்கிறது? இந்தக் கட்டடத்தின் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கியவள் நான். மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அதுவும் ஒழுகுகிறது!

டாக்டரம்மா உடனே அறைக்குத் திரும்பினார். மிச்சமிருந்தது அவருடைய நாற்காலி ஒன்றுதான். அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் நடைபாதையில் நின்ற நிறைமாதக் கர்ப்பிணிக்குப் போட்டார். வந்து மேசைக்குப் பின்னால் நின்றார். நின்றுகொண்டே நாடி பார்த்தார். நின்றுகொண்டே எழுதினார். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு வந்த எல்லா நாளும்! "நீங்க ஏன் டாக்டர் நிக்கிறீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "வீட்டுக்கு வந்தவங்க நிக்கிறப்ப நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

ஏற்கெனவே அவருக்கு முழங்கால் தேய்மானம். இரண்டு காலும் பானை மாதிரி வீங்கின. வீட்டுக்குப் போனால் தம்பிதான் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். ஆனால் ஒன்று, வரிசை நகர்ந்ததா? நகரவில்லை! நின்றுகொண்டும் அவர் கேட்கத்தான் செய்தார். நாற்காலியைத்தான் உங்களால் எடுக்க முடிந்தது, அவர் காதை எடுக்க முடியவில்லை!

அப்புறம் நோயாளிகள் வேலையைக் காட்டினார்கள். மீசைக்காரர் லாரியிலிருந்து ஒரு ஸ்டூலை இறக்கினார். தையல்கார அக்கா கடையிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்தார். சர்க்கரை நோய்க்கு வரும் தச்சர் ஒருவர் புதிதாக ஒரு பெஞ்சே செய்து, அவரும் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது? எல்லாவற்றையும் பறிமுதல் செய்து சாமான் அறையில் போட்டுப் பூட்டியது. காவலாளி என்னிடம் வந்து, "இனிமே எங்க வைக்கிறது சிஸ்டர்? அறை ரொம்பிடுச்சு. பேசாம நானே உக்காந்துக்கவா?" என்று கேட்டார். அதே வாரம் டாக்டரம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் மரச்சாமான் சேர்க்கிறாராம்! ஈடு செய்ய முடியாத இழப்பு என்று இன்றைக்குச் சொல்லும் வாய் அன்றைக்கு என்ன சொன்னது தெரியுமா? "இந்தம்மா மருத்துவமனை நடத்துறாங்களா, கல்யாண மண்டபம் நடத்துறாங்களா?" என்றது.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னால் சொல்ல முடியாத இடம்.

போன வாரம், அவருடைய விடுமுறை நாள். காலையில் தாடை வலிக்கிறது என்றிருக்கிறார். முதுகு வலிக்கிறது, வேர்க்கிறது. மருத்துவர் அல்லவா, தெரிந்துவிட்டது. "நம்ம ஆஸ்பத்திரிக்கே போலாம்டா, அதான் பக்கம்" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நம்ம ஆஸ்பத்திரி! அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

புதுக் கட்டடத்து அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். அங்கே இருந்தவர் அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்த இளம் மருத்துவர். அவருக்கு டாக்டரம்மாவைத் தெரியாது. வீட்டுச் சேலை, கலைந்த தலை. டாக்டரம்மாவே அவரிடம், "தம்பி, நான் டாக்டர். மாரடைப்பு மாதிரி இருக்கு. ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க" என்றார். அந்த மருத்துவர் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்ன சொன்னார் தெரியுமா?

"இங்க வர்ற எல்லாரும் டாக்டர்தாம்மா. வரிசையில நில்லுங்க."

நின்றார்! வேறென்ன செய்வார், அங்கேயும் உட்கார ஒரு பெஞ்சு விட்டுவைத்தீர்களா? தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஈசிஜி அறைக்கு முன்னால் நின்றார். தம்பி முன்னால் போய்க் கெஞ்சினார். "எல்லாருக்கும் அவசரம்தான் சார்" என்று பதில் வந்தது. தம்பி திரும்பி வருவதற்குள் டாக்டரம்மா சுவரோடு சரிந்து தரையில் கிடந்தார். டாக்டரம்மாவுக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கு என்னை அவசரப் பிரிவின் ஊசி அறையில் போட்டிருந்தார்கள்; சத்தம் கேட்டு ஓடினேன். அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தியது நான். எலும்பு நொறுங்க நொறுங்க அழுத்தினேன். அதற்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள்! மருந்து வந்தது, கருவி வந்தது, மூத்த மருத்துவர்கள் வந்தார்கள், ஐயாவும் வந்தார். உயிர் மட்டும் வரவில்லை.

அந்த இளம் மருத்துவர் இங்கேதான், கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். யாரும் திரும்பி முறைக்காதீர்கள். அன்று முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் வேலைக்கு வந்தவரை வீட்டுக்கு விடாமல் உட்கார வைத்தது யார்? ஒருவரை நிமிர்ந்து பார்த்தால் அடுத்தவர் வரிசையில் நிற்பாரே என்ற பயத்தை அவருக்குள் புகுத்தியது யார்? பிழை அவருடையதும்தான். அதை அவரே தம்பியின் காலைப் பிடித்துச் சொல்லிவிட்டார். அவரை அந்தப் பிழைக்குள் தள்ளியவர்கள் இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்சம் இருங்கள், மேடையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' பார்த்தீர்களா! இதைத்தானே ஐயா அவரிடமும் காலமெல்லாம் சொன்னீர்கள்? என்னை நாளைக்கே எந்த மூலைக்கு வேண்டுமானாலும் மாற்றுங்கள். பிணவறைக்குப் போட்டாலும் சரி, அங்கேயாவது யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

உறவுகளே! நாங்கள் செவிலியர்கள் நேற்று ஒன்றுகூடி ஒரு முடிவெடுத்திருக்கிறோம். டாக்டரம்மாவின் படத்துக்கு முன்னால் அதை உறுதிமொழியாகச் சொல்கிறேன். இன்று முதல், உள்ளே இருக்கும் நோயாளி பேசி முடிக்கும் வரை நாங்கள் அடுத்த பெயரைக் கூப்பிடமாட்டோம். எந்த அறை வாசலிலும் கூப்பிடமாட்டோம். யார் மிரட்டினாலும் கூப்பிடமாட்டோம். நெஞ்சுவலி என்று ஒருவர் சொன்னால் அவர் மந்திரியா மண் சுமப்பவரா என்று பார்க்காமல், வரிசையை விலக்கி நாங்களே உள்ளே கொண்டுபோவோம். அவர் எப்படி இறந்தார் என்று முறையான விசாரணை நடக்கும் வரை ஓயவும் மாட்டோம். இது அவர் தொடங்கிய வேலை. பாதியில் நிற்க விடமாட்டோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. வேண்டாம், யாரும் எழுந்திருக்காதீர்கள். அந்த அம்மா வாழ்நாள் முழுக்க ஊமையாய் வந்தவர்களையெல்லாம் பேச வைத்தவர். அவருக்குப் போய் மௌனமா? வாயை மூடிக்கொண்டு நின்றது போதாதா நமக்கு?

மைக்கைக் கழற்றிக் கீழே கொண்டு வருகிறேன். இந்த மருத்துவமனையில் உங்களுக்கு நடந்ததை, நல்லதும் கெட்டதும், நீங்களே சொல்லுங்கள். ஐயா எழுந்து போகமாட்டார். கதவுப் பக்கம் எங்கள் செவிலியர் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

யாரது, பின்னால் கை தூக்குறது? ஆமாம்மா, நீங்கதான். மெதுவா வாங்க, படி இருக்கு. இந்தாங்க, இப்படிப் பிடிச்சுக்கோங்க. ஐயாவைப் பாத்தே பேசுங்க. அழுகை வந்தா அழுதுட்டுச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல.