ஜெயித்தவருக்குச் சாப்பாடு

அடைக்கலராஜ்: அதெப்படி ராணி... இன்னக்கும் நாந்தான் தோத்தேன்?

அமலராணி: எங்கிட்ட கேட்டா? சீட்டுப் பிடிச்சது நீங்க.

அடைக்கலராஜ்: வாராவாரம் ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து, பாய விரிச்சி, கூட்டாளிங்கள கூப்புட்டு ஆடுறேன். என் வீடு, என் சீட்டுக்கட்டு. ஜெயிக்கிறது மட்டும் தர்மராஜும் யாகப்பனும்! என் ஜோடி அமிர்தலிங்கம் மொறச்சிக்கிட்டே போறான்.

அமலராணி: வெளையாட்டுன்னா தோக்கத்தான் செய்வாங்க. அந்த டிரான்சிஸ்டர அமத்திட்டு எச்சத் தட்ட எடுத்துக் குடுங்க.

அடைக்கலராஜ்: ஜெயிச்சவன் இங்கயே சாப்புடணும், தோத்தவன் பரிமாறணும்னு சட்டம் போட்டது யாரு?

அமலராணி: நாந்தான். அதுக்கென்ன இப்ப?

அடைக்கலராஜ்: தர்மராஜுக்கு மூணாந்தரம் சோறு போட்டதும் நாந்தான்.

அமலராணி: வயிறார சாப்பிட்டாருல்ல... மீன் கொழம்ப ஊத்தி ஊத்தி...

அடைக்கலராஜ்: பேச்ச மாத்தாத. நான் துருப்புச் சீட்ட யாருக்கும் காட்டாம கவுத்து வைக்கிறேன். கிளாவர் சீட்ட வச்சா நீ முறுக்கு கொண்டாற. ஆட்டின் சீட்ட வச்சா தண்ணி கொண்டாற. யாகப்பன் ஒடனே அதுக்குத் தக்கன எறங்குறான்!

அமலராணி: ...முறுக்கு கொண்டாந்தது ஒரு குத்தமா?

அடைக்கலராஜ்: ராணி...

அமலராணி: என்னாங்க.

அடைக்கலராஜ்: எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

அமலராணி: சரி... ஆமாங்க! நாந்தான் யாகப்பண்ணனுக்கு சாடை காட்டுனேன். போதுமா?

அடைக்கலராஜ்: தர்மராஜுக்குத் தெரியுமா?

அமலராணி: மாதாவே! தெரிஞ்சா இந்தப் பக்கம் தலவச்சிப் படுப்பாரா? அவரு பொஞ்சாதி காசியம்மா அண்ணி போய்ச் சேந்ததுலேர்ந்து மனுசன் டீயும் பன்னுமா கெடக்குறாரு. நம்ம ஊரு திருவேட்டக்குடியில எத்தன வீட்ல கூப்புட்டாங்க! எங்கயும் கை நனைக்க மாட்டேங்குறாரு. பரிதாபப்பட்டுப் போடுற சோறு எறங்காதாம். ஜெயிச்ச சோறுன்னாதான்...

அடைக்கலராஜ்: அதுக்காக என்னைய தோத்தாங்கோளி ஆக்கிட்ட!

அமலராணி: திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆட்டத்த மட்டும் நிறுத்திப்புடாதீங்க... வாரத்துல இந்த ஒரு வேளதாங்க அவரு உக்காந்து சாப்புடுறாரு.

அடைக்கலராஜ்: அழுவாத. யாரு நிறுத்துறா? ஆனா அடுத்த வாரம் முறுக்கு வேணாம். தர்மராஜ் இன்னக்கி அந்த முறுக்கையே உத்து உத்துப் பாத்துக்கிட்டிருந்தான். வேற சாடை வை.

அமலராணி: என்னாங்க... அப்ப நீங்க...

அடைக்கலராஜ்: பின்ன? அடுப்படியில நிக்கிற ஒனக்குத் தெரியணும்னு இத்தன வாரமா துருப்புச் சீட்டச் சாச்சிச் சாச்சிப் பிடிச்சி, எனக்கு மணிக்கட்டே வலிக்குதுடி!