அத்தானும் ஆஸ்பத்திரி வெப்சைட்டும்

செருப்பு வாங்குவதில் இந்தக் காலத்தில் யாருக்கும் கஷ்டமே இல்லை, மேடம். நல்ல வெப்சைட் ஒன்று, கெட்டது ஒன்று ஆராய்ந்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள் வகுப்பில். நல்லதுக்கு உதாரணமாக நான் எடுத்துக்கொண்டது ஒரு செருப்புக் கடையுடையது. உள்ளே போனால் செருப்பு, பக்கத்தில் விலை, கீழே வாங்குகிற பட்டன். எள் என்றால் எண்ணெயாக நிற்கும். முதலாளியின் படம் இல்லை, வரவேற்புரை இல்லை. டிசைன் படிக்கிறவன் கும்பிட வேண்டிய இடம் அது.

கெட்ட வெப்சைட்டுக்கு எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தேன். திறந்ததும் நிர்வாக இயக்குநர் கோட்டு போட்டுக்கொண்டு கைகட்டி நிற்பார். அவர் நகர்ந்தால் சிரிக்கிற நர்ஸ், அப்புறம் கட்டிடம், அப்புறம் மறுபடியும் இயக்குநர். இதற்கு நடுவே "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று ஒரு பெட்டி குதிக்கும். சேவை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று அதனிடம் யார் சொல்வது? அவசர எண் இல்லாமல் இல்லை. பக்கத்தின் அடியில், வெள்ளைத் தரையில், வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். தேடிப் பிடித்து ஆராய்ந்ததில் அந்த எண் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

இதையெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தேன். டிசைன் டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது உன் அபிப்பிராயம்ப்பா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நெசமான ஆளு, நெசமான தேவையோட தேடணும். நீ பக்கத்துல உக்காந்து பாக்கணும். அதுக்கப்புறம் வந்து குறை சொல்லு."

இன்னொரு தடவை திருப்பினால் எனக்கு அந்த வருடமே போச்சு. ஆஸ்பத்திரி வெப்சைட்டுக்கு நிஜமான தேவை என்றால் அது என்னவாக இருக்கும் என்று டீச்சர்தான் யோசித்திருக்க வேண்டும். இப்படி ஒருவரைத் தேடவிட்டுப் பார்க்கிற டெஸ்டுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதிகளும் கறாரானவை. தேடுகிறவருக்கு உதவக் கூடாது. அவர் கேள்வி கேட்டால் நாமும் கேள்வியாலேயே பதில் சொல்ல வேண்டும். அவருடைய போனை முதலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கவனம் சிதறும். நான் வகுப்பில் ஒழுங்காகக் கவனிக்கிற ரகம்.

அக்கா வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். அத்தானுக்கு என் படிப்பு ஒரு தீராத வேடிக்கை. "என்ன பெயின்டரே, இன்னைக்கு எந்தச் சுவத்துக்குக் கலரு?" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னாலும் கேட்பார். அதில் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். போன மாதம் அவருடைய தம்பி குடும்பத்தோடு வந்திருந்தபோது வாய் வலிக்கச் சிரித்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் சோபாவில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாயுன்னு நெனச்சேன்டா. இடது கையெல்லாம் மரத்துப் போவுது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வண்டி அனுப்பச் சொல்லு" என்றார்.

அவருடைய போன் டீப்பாய் மேல் இருந்தது. எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, ஸ்க்ரீனும் குரலும் பதிவாகிறபடி செய்தேன். "நம்பர் இதுல இருக்கு. நீங்களே தேடிப் பாருங்க அத்தான்" என்றேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு வகுப்பில் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டார் மனிதர்.

"யாருடா இந்தக் கோட்டு போட்டவன், நவுரவே மாட்டேங்கிறான்?"

மெனுவில் 'இதயம்' என்று பார்த்ததும் நம்பி உள்ளே போனார். அங்கே ஒரு இதயம் படு ஒழுங்காகத் துடித்துக்காட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் கருத்துக் கேட்கும் பெட்டி. அதை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. மூன்று நான்கு தடவை தவறவிட்டார். நடுங்கும் விரல்களுக்கு ஏற்றதல்ல என்று குறித்துக்கொண்டேன்.

"உனக்கு நம்பர் தெரியுமாடா?"

"நான் பக்கத்துல இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

"பெயின்டரே, வெளையாடாதடா."

"எதனால அப்படித் தோணுது?"

லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். அப்புறம், "தம்பி… முடியலடா" என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனசு இளகிவிட்டது, மேடம். ஆனால் இளகினால் டெஸ்ட் கெட்டுவிடுமே.

பதிவை அடுத்த வாரம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். இந்த இடத்தில்தான் டீச்சர் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஒரு மாணவன் செய்ததை முழுதாகப் பார்க்காமல் முடிவுக்கு வருவது என்ன நியாயம் என்று தெரியவில்லை. நீங்களும் மீதியைக் கேட்க மனசில்லை என்கிறீர்கள். அந்த வெப்சைட்டைச் செய்தவனை இதுவரை ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? போகட்டும், மீதியை நானே சொல்கிறேன்.

அத்தான் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். ஆமாம், அடி வரைக்கும் இறங்கிப் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஸ்க்ரீனில் விரலை வைத்து, "இந்தா இருக்குடா. போனக் குடு" என்று கையை நீட்டினார். போன் என் பையில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் தேடி முடித்ததும், ஞாபகம் மாறுவதற்குள், பயனரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ஒன்று முதல் ஐந்துக்குள் இந்தத் தளத்துக்கு எத்தனை மதிப்பெண்?

கேட்டேன். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. அவசரப்படுத்தக் கூடாது என்பதால் காத்திருந்தேன். கை மெதுவாகக் கீழே இறங்கி லேப்டாப் மேல் விழுந்தது. ஸ்க்ரீனில் என்னென்னவோ பக்கங்கள் திறந்து மூடின. இன்னொரு தடவை, கொஞ்சம் நிதானமாக, அதே கேள்வியைக் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் எண்ணைப் பார்க்காமலேயே அடித்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்கள், உடனே வந்தார்கள். நல்ல ஆஸ்பத்திரிதான். வந்த டாக்டர் அத்தானின் கண்ணைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி இருந்தார் என்று என்னைக் கேட்டார். வாயு என்று நினைத்ததாகச் சொன்னேன்.

அறிக்கையில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. அதனால் அத்தானுக்குப் பதிலாக நானே ஒன்று என்று போட்டேன். இருந்திருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார், மேடம், நான் படிக்கிறதும் ஒரு படிப்புதான் என்று.