தள்ளினால் திறக்காத கேட்

நீங்களும் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள், சார். அதனால் உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் உபயோகமாக ஒன்றை எழுதிவிடுகிறேன். வாசல் கேட்டுக்கு மோட்டார் வாங்கும்போது முதலில் தூணைப் பாருங்கள். கேட்டைப் பிறகு பார்க்கலாம்.

என் தூண்கள் வெட்டுக்கல்லில் கட்டியவை. இரண்டரை அடி அகலம், கீல் நடுவில் இருக்கிறது. நேராகத் தள்ளும் தண்டு மோட்டாரைப் பொருத்தினால் கேட் பாதிதான் திறக்குமாம். பாலா டவுனிலிருந்து வந்த மெக்கானிக் பினோய் அளவெடுத்துச் சொன்னான். பதினைந்து வருஷமாக இதே வேலை செய்கிறவன்.

"அம்மச்சி, இதுக்கு முழங்கை மாதிரி மடங்குற கைதான் சரி. மண்ணுக்குள்ள புதைக்கிற மோட்டார் பாக்க அழகுதான். ஆனா நம்ம ஊரு மழைக்கு அது தவளைக்கு வீடாப் போயிடும்."

ஒவ்வொரு கதவும் முந்நூறு கிலோவுக்கு மேல். முழுத் தகடு. தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வைத்தால் காற்று ஊடே போய்விடும், சின்ன மோட்டாரே போதும் என்றான். உள்ளே நடப்பதை ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பெரிய மோட்டாராகவே பார் என்றேன். இடது கதவில் ஆள் நுழையும் சின்னக் கதவு ஒன்று இருந்தது. தானாக ஓடுகிற கேட்டில் அது ஆபத்து என்று சொல்லிப் பற்றவைத்து மூடிவிட்டான். அது அவன் யோசனை. நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி உறவு விஷயம். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தறவாட்டு வீடு, அதாவது பரம்பரை வீடு, கடைசி மகனுக்குத்தான் போகும். என் கணவர் மூத்தவர். அவருக்கு ரோட்டோரத்து நிலம் கிடைத்தது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த பதினொரு வருஷமும் அந்தப் பழைய வீட்டில் அவரைப் புரட்டிப் போட்டதும் துடைத்ததும் கஞ்சி ஊட்டியதும் நான். அவர் கண் மூடிய நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனை முடிந்ததும், கொழுந்தன் குஞ்ஞுவர்க்கியும் அவன் மனைவி ராகேலும் பம்பாயிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து அங்கே குடியேறினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் சர்ச்சில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

அந்த வீட்டுக்குப் பின்னால் ரப்பர் சரிவு, அதற்குக் கீழே ஓடை. ரோட்டுக்கு வர என் முற்றத்து வழி ஒன்றுதான் உண்டு. அவர்களுக்கு நடக்க உரிமை உண்டென்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. கேட் போடக்கூடாது என்று எழுதவில்லை.

கேட்டுக்கு மோட்டார் வைத்த அன்று குஞ்ஞுவர்க்கி வந்து நின்று சிரித்தான்.

"சேட்டத்தி, பாம்பேல இருபத்தஞ்சு வருஷம் இருந்தேன், ஒருத்தன் விசா கேக்கல. இப்ப எங்க வீட்டுக்குப் போக உங்ககிட்ட முத்திரை குத்திக்கணுமோ?"

ராகேல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க இச்சாயா. வீடு கெடைக்காதவங்க வாசலையாவது வச்சுக்கட்டும்."

நானும் சிரித்தேன். அவளுக்கு ஒரு ரிமோட் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தேன்.

வாங்கும்போது மோட்டாரில் இரண்டு வகை இருந்தது. விலை ஒன்றேதான். ஒன்று, கரண்ட் போனால் கையால் தள்ளித் திறக்கலாம். மற்றது அப்படியே இறுகி நிற்கும். சாவி போட்டு விடுவித்தால்தான் அசையும்.

"முதல்ல சொன்னதை எடுங்க அம்மச்சி," என்றான் பினோய். "வயசானவங்க இருக்குற எடம். பின்வீட்டுச் சேட்டனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குன்னு சொன்னாங்களே."

"நீ தள்ளித் திறந்தா திருடனும் தள்ளித் திறப்பான்."

"அப்ப பேட்டரியாவது வையுங்க."

"வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குடா."

"என்னவோ போங்க. சாவி ரெண்டு வரும். ஒண்ணை அவங்க கையில குடுத்துடுங்க, மறந்துடாதீங்க."

கொடுக்கிறேன் என்றேன். கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். சாவி இல்லாமல் எத்தனை பேர் தள்ளினால் திறக்கும் என்று அவனிடம் கேட்டதும் உண்மை. "ஆறு பேர் தள்ளினாலும் தூண்தான் சாயும்" என்றான். ஒரு பொருளை வாங்குகிறவர் அதன் பலத்தைக் கேட்பது தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குக் கரண்ட் போய்விட்டது என்று முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். நீங்கள் கரண்ட் ஆபீசில் கேட்டிருக்கிறீர்கள். அன்று முழுவதும் கரண்ட் இருந்ததாகச் சொன்னார்களாம். அவர்கள் சொன்னது சரிதான். கேட்டுக்குத் தனி டிரிப் சுவிட்ச், அடுக்களைச் சுவரில் இருக்கிறது; இறக்கினால் கேட்டுக்கு மட்டும் கரண்ட் நின்றுவிடும். ராகேல் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுக் கத்துவது எனக்குக் கேட்டது. வண்டி வருவதற்கு முன்பே சுவிட்சை இறக்கிவிட்டேன்.

அவள் அடுக்களை ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"சேட்டத்தி, கேட் தொறக்கல! வண்டி வெளியில நிக்குது. அவருக்கு மூச்சே வரல."

"கரண்ட் இல்லையே மோளே."

"சாவி இருக்கும்ல? பினோய் சொன்னானே!"

"தேடுறேன்."

என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டிலும் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். பதற்றத்தில் மனிதர்களுக்கு இதெல்லாம் புலப்படாது. சாவி அலமாரியில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க நான் நகரவில்லை. சுவிட்சின் மேல் ஒரு விரலை வைத்தபடி அங்கேயே நின்றேன்.

இரண்டாம் தடவை வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. உங்க கால்ல விழறேன். நீங்க எனக்கு அம்மா மாதிரி."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டைத் தள்ளிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடிச் சில்லு பதித்த மதிலில் கை கிழிய ஏறிக் குதித்து உள்ளே ஓடினார். ஸ்ட்ரெச்சரும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் மதில் ஏறுமா? பதினேழு நிமிஷம் கழித்து அவர் மெதுவாக நடந்து திரும்பி வந்தார். அவர் நடையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சுவிட்சை ஏற்றினேன். ராகேல் அப்போதும் அந்த ரிமோட்டை அழுத்திக்கொண்டுதான் நின்றாள். கேட் திறந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பினோய் நல்ல வேலைக்காரன்; அவனை இதில் இழுக்காதீர்கள்.

அந்தப் பதினேழு நிமிஷமும் என்ன யோசித்தேன் என்று கேட்டீர்கள். ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். 'இந்த வீடு உங்களுக்கு வந்திருக்க வேண்டியது, சேட்டத்தி.' அவள் வாயிலிருந்து அது வந்திருந்தால் அந்த நிமிஷமே சுவிட்சை ஏற்றியிருப்பேன். மன்னிப்புக் கேட்டாள், அம்மா என்றாள், மாதாவைக் கூப்பிட்டாள். அதை மட்டும் சொல்லவில்லை. அவள் சொல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வீட்டின் மேல் எனக்கு என்றைக்கும் ஆசை இருந்ததில்லை.