இரண்டாவது சீட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் பட்டறைச் சங்கத் தலைவர் அவர்களே! ஐயாவின் துணைவியார் அவர்களே! கை கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே! வணக்கம். என் குரல் நடுங்குவது துக்கத்தால் மட்டும் அல்ல, பயத்தாலும்தான். என்ன பயம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

நம் தலைமை மெக்கானிக், கார் கட்டும் கலையின் பேராசான், நாம் செல்லமாக 'அரைமில்லி' என்று அழைத்த ஐயா மறைந்து பத்து நாள் ஆகிறது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும், "கழட்டு, மறுபடி பண்ணு" என்பார். கோபமே வராது. அதுதான் கொடுமை! திட்டினால் திருப்பிப் பேசலாம். சிரிக்கிற மனிதரை என்ன செய்வது?

ஒரு காலத்தில் பந்தயங்களை ஜெயித்த பழைய டூரிங் கார் ஒன்றை அச்சு அசலாகக் கட்ட வேண்டும், அதுவும் ரோட்டில் ஓட வேண்டும் என்று கிளம்பினார். அசல் கார் எங்கே? யாருக்கும் தெரியாது. இருந்தவை பதினேழு போட்டோக்கள். டயர் அளவு தெரியும் அல்லவா? அதை வைத்தே போட்டோவில் ஸ்கேலைப் போட்டு முழுக் காரையும் அளந்தார்! நாலு வருட உழைப்பு. பந்தயக் காரில் ஹாரன் உண்டா? இண்டிகேட்டர் உண்டா? ரோட்டுக்காக எல்லாம் வைத்தார். ஒரே சீட்டு இருந்த காரில் இரண்டாவது சீட்டும் வைத்தார்.

"இது யாருக்குய்யா, அம்மாவுக்கா?" என்று கேலி பண்ணினேன்.

"அவ ஏறுவாளா? இது வேலை பார்த்தவனுக்குடா. முதல் நாள் நான் ஓட்டுவேன். நட்டு போட்டவன், வெல்டு வெச்சவன், ஒவ்வொருத்தனா பக்கத்துல உக்காரணும். உன் வேலைய நம்பி நீயே உக்காரலன்னா, நான் எதுக்கு உக்காரணும்?"

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

எனக்கு முன் பேசிய அவர் மகள், வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரைத் தானே ஓட்டப்போவதாகச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினீர்கள். எனக்குக் கை எழவில்லை. ஏன்?

பின் சக்கரத்தைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு வெல்டு வைத்தவன் நான். அன்று கரண்ட் ஏறி இறங்கியது. வெல்டு உள்ளே பிடிக்கவில்லை என்று என் கைக்கே தெரிந்தது. மேலுக்குப் பளபளவென்று இருந்தது. "சரியா இருக்காடா?" என்றார் ஐயா. "கல்லு மாதிரி இருக்குய்யா" என்றேன். என்னை நம்பி, தட்டிக்கூடப் பார்க்காமல் சாக்பீஸில் டிக் போட்டார். மேலே பெயிண்டும் ஏறிவிட்டது. அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் போன செய்தி வந்தபோது, ஐயோ, அழுவதற்கு முன்னால், 'இனி அந்தக் கார் ஓடாது' என்று ஒரு நொடி நிம்மதி வந்ததே! அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.

இன்று வாசலில் அந்தப் பெண் என்னிடம், "மாமா, மொதல்ல நீங்கதான் பக்கத்துல உக்காரணும்" என்றாள். முதுகுவலி என்று மழுப்பினேன். "பரவால்ல மாமா, நான் மட்டும் போயிக்கிறேன்" என்றாள்.

அம்மாடி! போகாதே. சாவியை என்னிடம் கொடு. நாளைக் காலை பெயிண்டைச் சுரண்டி, அந்த பிராக்கெட்டை அறுத்தெடுத்து, தோழர்களே, உங்கள் கண் முன்னால் புதிதாக வெல்டு வைக்கிறேன். என் வாய்ச்சொல்லை யாரும் நம்ப வேண்டாம். வேறொரு வெல்டர் சோதிக்கட்டும். ஐயா விட்டுச்சென்ற வேலையை அவர் பார்த்த மாதிரியே முடிப்போம் என்று உறுதி சொல்கிறேன். அதற்குப் பிறகு நீ ஓட்டு, தாயே. முதலில் பக்கத்துச் சீட்டில் நான் இருப்பேன். அன்றைக்கும் எனக்கு நடுங்கும். நடுங்கிக்கொண்டே உட்காருவேன்.