நிறுத்தத் தெரியாத உடுக்கை

சாமி காரியத்தைச் சிரிப்பாக எழுதினால் பாவமோ என்று பயந்து, மூன்று வருடமாக இதை எழுதாமல் இருந்தேன். அந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள் என்று நம்பி இப்போது எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு மாமனாரும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க மாப்ள, உங்க போனால நேத்து எங்கூட்டுல சாமி மலையேறவே இல்லீங்க" என்றார் மாமனார்.

மருமகன் போனில் பாட்டு செய்யப் பழகுகிறாராம். வெள்ளிக்கிழமை மாரியம்மன் பண்டிகைக்கு ஸ்பீக்கரில் போட ஒரு பாட்டு தருவதாக ஊருக்கே சொல்லிவிட்டார். கோயில் உடுக்கையில் நாலு அடியைப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, போனை மாமனார் வீட்டிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அது சாமியை அழைக்கிற அடி; அது நின்றால்தான் வந்த சாமி மலையேறும். வீட்டிலிருந்த மாமியாருக்கு அருள் வந்துவிட்டது.

"உடுக்கைக்காரருக்குக் கை வலிச்சா நிறுத்துவாருங்க. உங்க போனுக்கு ஏது கை?"

"அத்தை எவ்வளவு நேரமுங்க ஆடுனாங்க?"

"சார்ஜ் தீர்ற மட்டும். இன்னிக்கு உங்க அத்தை எஸ்டேட்டு வேலைக்கு லீவு."

"அந்த அடிய எடுத்தரட்டுங்களா மாமா? அது இல்லீன்னா பாட்டே இல்லீங்க."

"எடுக்காதீங்க. சாமிக்கு அது நொம்பப் பிடிச்சிருக்குது. ஒரே ஒரு குறைதான் சொல்லுச்சு."

"என்னங்க சொல்லுச்சு?"

"'அடி கேக்குது, பாட்டு எங்கடா?'ன்னு மூணு தடவ கேட்டுச்சுங்க."

மருமகன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கண்டக்டரிடம் பேனா கேட்டு வாங்கி, டிக்கெட்டின் பின்பக்கத்தில் முதல் வரியை எழுத ஆரம்பித்தார்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் இப்படியே சொல்லுங்கள். அம்மன் கேட்டதோடு உங்கள் சொல் ஒன்றையும் சேர்த்துவிடாதீர்கள்.